வானில் ஏழு, கையில் எத்தனை?

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வழிகாட்டிச் செயற்கைக்கோள் ஒன்று மேலே செல்லும் ஒவ்வொரு முறையும் நம் பத்திரிகைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது. 1999 கார்கில் போரின்போது அமெரிக்கா ஜி.பி.எஸ். தகவலைத் தர மறுத்துவிட்டது, அந்த அவமானத்திலிருந்து பிறந்ததே நமது நாவிக் என்பதுதான் அது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிறு உறுத்தல் ஏற்படுவதுண்டு. ஜி.பி.எஸ். என்பது ஒருவர் கேட்டு இன்னொருவர் எடுத்துக்கொடுக்கும் பண்டம் அல்ல. வானொலி ஒலிபரப்பைப் போல அது எல்லோர் தலைமீதும் சமமாகப் பொழிந்துகொண்டிருக்கிறது. வாங்கிக்கொள்ள ஒரு கருவி இருந்தால் போதும்.

கார்கிலில் அந்தக் கருவி நம்மிடம் இருந்தது. நவீன வழிகாட்டிச் சாதனங்கள் இல்லாத மிக்-21 விமானங்களின் ஓட்டிகள், கடைகளில் கிடைக்கும் கையடக்க ஜி.பி.எஸ். கருவியையும் ஒரு நிறுத்துக் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு இரவு நேரத்தில் அந்த மலைகளின் மேல் குண்டு வீசியிருக்கிறார்கள். இது போர் ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்ட செய்தி. மலையேறிகளும் படகுச் சவாரிக்காரர்களும் வாங்கும் வகைக் கருவி அது. மறுக்கப்பட்டது என்று எதையாவது சொல்வதானால், துல்லியம் மறுக்கப்பட்டது என்று சொல்வதே பொருந்தும். அந்நாளில் பொதுமக்களுக்கான அலைவரிசையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது. காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். சென்னையில் நூறு மீட்டர் என்பது அடுத்த தெரு. திராஸிலும் படாலிக்கிலும் அது மலைமுகட்டின் மறுபக்கம், அதாவது வேறொரு ராணுவத்தின் பக்கம். பிழையற்ற இன்னொரு அலைவரிசையும் அதே செயற்கைக்கோளிலிருந்து அதே மலைகள்மீது விழுந்துகொண்டுதான் இருந்தது. அதைத் திறக்கும் ரகசியக் குறியீட்டுச் சாவி அமெரிக்க ராணுவத்திடமும் அதன் நெருங்கிய கூட்டாளிகளிடமும் மட்டுமே இருந்தது.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவது வெறும் திருத்தல் ஆசையால் அல்ல. 'தகவலைத் தர மறுத்தார்கள்' என்று கதையைச் சொன்னால் அதற்குத் தீர்வு சொந்தச் செயற்கைக்கோள் என்று ஆகிவிடுகிறது. சிப்பாயின் கையில் எந்தக் கருவி இருந்தது, அதற்குள் எந்தச் சாவி இருந்தது என்று கேட்டால் பிரச்சினை வானத்திலிருந்து தரைக்கு இறங்கிவிடுகிறது. நாம் இன்றுவரை அந்தத் தரைப்பகுதியை அலட்சியமாகவே நடத்தி வந்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

இந்தக் கருவிகளின் வரலாற்றைச் சற்று பார்க்கலாம். போர்த்தளவாடங்களில் ஆர்வம் இல்லாதவர்களுக்கும் அது சுவையானது.

1973-இல் அமெரிக்க ராணுவம் ஜி.பி.எஸ். திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 1977-இல் ராக்வெல் காலின்ஸ் நிறுவனம் சோதனைச் செயற்கைக்கோள் ஒன்றின் குறிப்பலையைப் பிடித்த கருவி நூறு கிலோவுக்கும் மேல் எடை கொண்டது. விமானத்தில் ஏற்றிச் செல்லும் சரக்குப் பலகை ஒன்றின்மேல் அதை நிறுத்தி, பக்கத்தில் ஆட்கள் அமர்ந்து இயக்க இருக்கைகளும் போட்டிருந்தார்கள். முதுகில் சுமக்கத்தக்க வடிவம் கிட்ட மேலும் பத்தாண்டுகள் ஆயின. எண்பதுகளின் இறுதியில் வந்த அந்த 'மேன்பேக்' கருவியின் எடை ஏறத்தாழ எட்டுக் கிலோ. அரிசிப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு போருக்குப் போவதைப் போன்றது. அதற்கு ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளைத்தான் கேட்க முடியும். ஒன்றன்பின் ஒன்றாக நான்கையும் கேட்டுக் கணக்குப் போட்டு முடிக்கும்வரை சிப்பாய் பொறுமையாக இருக்க வேண்டும்.

நான்கு எதற்கு என்ற கேள்வி எழலாம். ஒவ்வொரு செயற்கைக்கோளும் அடிப்படையில் சொல்வது ஒன்றைத்தான்: 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது.' அந்தச் சொல் நம்மை வந்தடைய எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். நீளம், அகலம், உயரம் என்ற மூன்றுக்கு மூன்று செயற்கைக்கோள்கள் போதும்தான். ஆனால் கையிலிருக்கும் கருவியின் கடிகாரம் மலிவானது. அதில் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் 300 மீட்டர் பிசகிவிடும். அந்தப் பிசகைக் கண்டுபிடிப்பதற்கே நான்காவது. வானில் உள்ளவை அணுக் கடிகாரங்கள். கருவி கைக்கு அடங்கியதன் ரகசியங்களில் ஒன்று சில்லுகள் சிறுத்தது, இன்னொன்று இது. கனமான கடிகாரத்தைச் சிப்பாயின் முதுகிலிருந்து இறக்கி இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் வைத்துவிட்டார்கள். சுமை மறைந்துவிடவில்லை, இடம் மாறியது. யாருடைய கடிகாரம் அது என்ற கேள்வியும் கூடவே வந்து சேர்ந்தது.

1990-91 வளைகுடாப் போரில் நிகழ்ந்த வேடிக்கை அதிகம் பேசப்படாதது. அடையாளமே இல்லாத பாலைவனத்தில் பெரும் கவசப் படைகள் நகர வேண்டியிருந்தது. ராணுவத்துக்கென்று செய்யப்பட்ட கருவிகளோ மிகக் குறைவு. எனவே டிரிம்பிள் நிறுவனத்தின் பொதுச் சந்தைக் கருவிகளை, இரண்டு கிலோவுக்கும் குறைவான எடை கொண்டவற்றை, ஆயிரக்கணக்கில் அவசரமாக வாங்கினார்கள். அதுவும் போதாமல் சிப்பாய்களின் குடும்பத்தினர் ஊரில் கடைகளில் வாங்கித் தபாலில் அனுப்பி வைத்தார்கள். இந்தக் கருவிகளில் ரகசியச் சாவி கிடையாது. ஆகவே எதிரியைக் குழப்புவதற்காகக் கலந்த பிழை தன் படையையே குழப்பும் என்ற நிலை. 1990 மார்ச்சில் இயக்கிய அந்தப் பிழைக்கலப்பைச் சில மாதங்களிலேயே அணைத்துவிட்டு, போர் முடிந்த பிறகு 1991-இல் மீண்டும் இயக்கினார்கள். உலகின் மிகப் பணக்கார ராணுவம் வானத்தில் கோடிக்கணக்கில் கொட்டிவிட்டு, கையில் கொடுக்கும் கருவியை எண்ணிப் பார்க்க மறந்திருந்தது என்பதே இதன் பொருள். (அந்தப் பிழைக்கலப்பு நிரந்தரமாக நிறுத்தப்பட்டது 2000 மே மாதத்தில், கார்கில் முடிந்து ஓராண்டு கழிவதற்குள்.)

அந்தப் பாடத்திலிருந்து வந்தது பி.எல்.ஜி.ஆர். என்ற கருவி. சிப்பாய்கள் அதை 'பிளக்கர்' என்று அழைத்தார்கள். தொண்ணூறுகளின் முற்பாதியில் அறிமுகமாகி, ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வாங்கப்பட்டது. எடை ஒன்றேகால் கிலோ. ஒரே நேரத்தில் ஐந்து செயற்கைக்கோள்களைக் கேட்கும், ரகசியச் சாவியையும் ஏற்கும். செங்கல் போன்ற அதன் உருவத்தை யாரும் அழகு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் உழைத்தது.

அந்தக் கருவியோடு சேர்ந்து நினைவுக்கு வருவது 2001 டிசம்பர் 5. ஆப்கானிஸ்தானில் கந்தஹாருக்கு வடக்கே, அமெரிக்கச் சிறப்புப் படையினர் ஹமீத் கர்சாயின் ஆட்களுடன் இருந்தார்கள். விமானத்துக்கு இலக்கைச் சொல்லும் பொறுப்பில் இருந்தவர் பிளக்கரில் இலக்கின் ஆயத்தொலைவுகளைக் கணித்து வைத்திருந்தார். பேட்டரி தீர்ந்தது, மாற்றினார். கருவி மீண்டும் உயிர்பெற்றபோது திரையில் எண்கள் இருந்தன. அவற்றை அனுப்பினார். பேட்டரி மாற்றினால் அந்தக் கருவி முதலில் காட்டுவது தான் இருக்கும் இடத்தை. பி-52 விமானம் வீசிய இரண்டாயிரம் பவுண்டு குண்டு, சொன்ன இடத்தில் மிகத் துல்லியமாக அவர்கள்மீதே விழுந்தது. மூன்று அமெரிக்கர்களும் ஆப்கானியர் பலரும் இறந்தார்கள். கர்சாய் சிறு காயத்தோடு தப்பினார். ஆப்கானிஸ்தானின் இடைக்கால அரசுக்குத் தலைவராக ஜெர்மனியின் பான் நகர மாநாடு அவரைத் தெரிந்தெடுத்ததும் அதே நாளில்தான்.

இதை நான் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அன்று செயற்கைக்கோள்களில் எந்தக் கோளாறும் இல்லை. சாவி சரியாக இருந்தது. வடிவமைத்தவர்கள் எண்ணியபடியேதான் கருவியும் நடந்துகொண்டது. அமைதியான அறையில் அமர்ந்து யோசித்தால், விழித்தெழும் கருவி தன் இடத்தைக் காட்டுவது நியாயமாகவே தோன்றும். குண்டுமழையில் கைநடுங்க பேட்டரி மாற்றும் மனிதனின் நிலையில் நின்று யோசித்தால்தான் அதன் பயங்கரம் விளங்கும். செயற்கைக்கோள் மனிதனைச் சந்திப்பது ஒரு சிறு திரையிலும் நான்கைந்து பொத்தான்களிலும்தான். அந்த இடத்தில் நேரும் குறையை வானத்தின் எந்தப் பெருமையாலும் ஈடுகட்ட இயலாது.

2004 முதல் பிளக்கரின் இடத்துக்கு டாகர் வந்தது. அரைக்கிலோவுக்கும் குறைவு, இரண்டு அலைவரிசைகள், வரைபடத் திரை, கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி நான்கு. அதன் பிறகு கருவி தனிப்பொருளாக இருப்பதையே விட்டுவிட்டு, வானொலிப் பெட்டிக்குள்ளும் பீரங்கிக் குண்டுக்குள்ளும் நுழையத் தொடங்கியது. அந்தப் பகுதியில் எனக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை, விட்டுவிடுகிறேன்.

இவ்வளவையும் படப்பையில் இருந்துகொண்டு எழுதுவது சிலருக்கு விந்தையாகப் படலாம். ஆனால் 'நான் எங்கே நிற்கிறேன்' என்ற சிப்பாயின் கேள்விக்கும் இந்த வட்டாரத்துக்கும் பழைய உறவு உண்டு. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பயிற்சி விமானங்கள் முடிச்சூருக்கு மேலாக வட்டமிடுவது எங்களுக்கு அன்றாடக் காட்சி. பக்கத்து ஊரான மணிமங்கலம், ஏழாம் நூற்றாண்டில் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியோடு பொருதிய களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேட்டில் குறிக்கப்படுவது. வாதாபியிலிருந்து வந்த படைக்கு இந்த ஏரிகளும் புதர்க்காடும் எவ்வளவு குழப்பமாக இருந்திருக்கும் என்று அந்த வழியே செல்லும்போது நினைத்துக்கொள்வேன்.

அதைவிட நெருங்கிய உறவு பரங்கிமலைக்கு. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றை நானூறு முறை கிடத்திக் கிடத்தி, வெயிலில் எஃகு நீளுமே என்று வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து, பெரும்பாக்கம் குன்றுவரை சுமார் 12 கிலோமீட்டரை மே 22 வரை அளந்தார்கள். (அந்தச் சங்கிலி முதலில் சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுசெல்லப்பட்ட பொருள்களில் ஒன்று, அங்கே விலைபோகாமல் இந்தியா வந்து சேர்ந்தது.) இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த மாபெரும் நில அளவை அந்தக் கோட்டிலிருந்துதான் புறப்பட்டது. அதன் கோணமானி அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, மோதிச் சேதமானது. நூறு கிலோ கருவியைச் சரக்குப் பலகையில் ஏற்றிய காலின்ஸ் பொறியாளர்களுக்கு லாம்டனைப் பார்த்தால் அண்ணன் முறைதான் சொல்ல வேண்டும்.

லாம்டன் அறிஞராவதற்கு முன் காலாட்படை அதிகாரி. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது ஜெனரல் பெயர்டின் படைப்பிரிவோடு ஓர் இரவில் நடந்துகொண்டிருந்தார். வானத்து மீன்களைப் பார்த்தவருக்குப் படை தெற்கே தன் முகாமை நோக்கிப் போகாமல் வடக்கே திப்புவின் அணிகளை நோக்கிப் போவது விளங்கியது. சொன்னார். நட்சத்திரத்தைக் கேட்காமலே வழி தெரியும் என்கிற பாணியில் ஜெனரல் அதைப் புறந்தள்ளினார். பிறகு வெளிச்சம் உண்டாக்கித் திசைகாட்டியைப் பார்த்தபோது லாம்டன் சொன்னதே சரி என்று தெரிந்தது. மேலே இருப்பதைப் படித்துக் கீழே இருக்கும் இடத்தை அறியும் வித்தை அன்றும் இருந்தது. யாருடைய சாவியும் தேவைப்படாத வானம் அது. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி கைவிட்டிருந்த நட்சத்திர வழிகாட்டல் பாடத்தை 2015-இல் மறுபடி தொடங்கியது பழமைப் பற்றினால் அல்ல. செயற்கைக்கோள் குறிப்பலை நம்மை வந்தடையும்போது நம்ப முடியாத அளவு மெலிந்துவிடுகிறது. சில வாட் திறனுள்ள சிறு பெட்டி ஒன்றே சுற்று வட்டாரத்தில் அதை மூழ்கடித்துவிடும். 2022 முதல் உக்ரைன் களத்தில் இது அன்றாட நிகழ்வு.

இனி நாவிக்குக்கு வருகிறேன். 2006-இல் ஒப்புதல், ஒதுக்கீடு 1,420 கோடி ரூபாய். 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோள், 2016 ஏப்ரலில் ஏழாவது. அன்று பிரதமர் அதற்கு நாவிக் என்று பெயர் சூட்டினார். இந்தியாவும் அதன் எல்லைக்கு வெளியே 1,500 கிலோமீட்டரும் அதன் வீச்சு. எல்லோருக்கும் ஒன்று, ராணுவத்துக்குக் குறியீட்டுப் பூட்டுடன் ஒன்று என இரண்டு சேவைகள். இம்முறை சாவி நம்மிடம். சாதனைதான், ஐயமில்லை.

ஆனால் சுமை இடம் மாறியது என்று முன்னர் சொன்னேன் அல்லவா, அது இங்கே கணக்குக் கேட்டது. முதல் செயற்கைக்கோளின் மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாகிவிட்டதாக 2017 ஜனவரியில் தெரியவந்தது. அவை சுவிட்சர்லாந்தில் வாங்கியவை. மாற்றாக அதே ஆண்டு ஆகஸ்டில் அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2023 மே மாதம் சென்ற என்.வி.எஸ்.-01-இல் நம் நாட்டில் செய்த ருபிடியம் கடிகாரம் முதல்முறையாக இடம்பெற்றது. 2025 ஜனவரியில் அதற்கடுத்தது சரியான சுற்றுப்பாதைக்கு ஏற முடியாமல் நின்றது. 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதிலின்படி, அதுவரை அனுப்பிய பதினொன்றில் இடம்காட்டும் பணியைச் செய்துகொண்டிருந்தவை நான்கு. நான்கு என்பது, மேலே சொன்ன கணக்கின்படி, ஒன்றுகூடக் குறைய முடியாத எண்.

இந்தத் தோல்விகளை நான் பெரிதுபடுத்தமாட்டேன். கடினமான காரியத்தில் தோல்வி வரும், அவற்றை நாடு அறிந்திருக்கிறது, விவாதிக்கிறது. விவாதிக்கப்படாதது கருவி. முதல் தலைமுறை நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் என்ற இரு அலைவரிசைகளில் மட்டுமே பேசின. உலகெங்கும் மலிவாக விற்கும் ஜி.பி.எஸ். சில்லுகள் கேட்பதோ எல்1 அலைவரிசை. ஆகவே நாவிக்கைக் கேட்பதற்கென்று தனிச் சில்லு, தனிக் கருவி தேவைப்பட்டன. வானில் ஏழும் நிறைந்த 2016-க்குப் பின் கைப்பேசிச் சில்லு ஒன்றில் நாவிக் இடம்பெற 2020 ஆயிற்று. எல்1-ஐச் சேர்த்தது 2023-இல், அதாவது முதல் ஏவலுக்குப் பத்தாண்டு கழித்து. திட்டம் தீட்டிய நாளிலேயே ஒரு சிப்பாயையோ ஒரு படகோட்டியையோ பக்கத்தில் உட்கார வைத்து, 'நீ எதில் கேட்பாய்?' என்று கேட்டிருந்தால் இந்தப் பத்தாண்டு மிச்சமாகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

படகோட்டியைச் சொன்னது தற்செயலாக அல்ல. ராணுவத்துக்குப் பிறந்த இந்தக் கருவியைத் தமிழ்நாட்டில் உயிருக்காகக் கையில் வைத்திருப்பவர்கள் மீனவர்கள். ஜி.பி.எஸ். வருமுன் குமரிக் கடற்கரையில் கணியம் என்றொரு முறை இருந்தது. கரையில் தெரியும் மலைமுகடு, கோபுரம், பனை இவற்றில் இரண்டிரண்டை ஒரே கோட்டில் நிறுத்தி, கோடுகள் வெட்டும் இடத்தில் கடலடிப் பாரைக் கண்டுபிடிப்பார்கள். லாம்டன் அரை டன் பித்தளையை வைத்துச் செய்ததன் அடிப்படையும் அதுவே. கணியத்துக்குக் கரை கண்ணில் பட வேண்டும். விசைப்படகுகள் அதைத் தாண்டிச் சென்றபோது கையடக்கக் கருவி தேவையாயிற்று. 1974, 1976 ஒப்பந்தங்கள் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இழுத்த எல்லைக்கோடு தண்ணீரில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது தெரிவதெல்லாம் அந்தச் சிறு திரையில்தான்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்களிடம் தாம் இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி இருந்தது. புயல் வருகிறது என்று அவர்களுக்குச் சொல்லும் கருவி இல்லை. கரையிலிருந்து அத்தனை தூரத்தில் கைப்பேசி வெறும் பொம்மை. அதன் பிறகே நாவிக் வழியாக எச்சரிக்கைச் செய்தி அனுப்பும் கருவியை இஸ்ரோ உருவாக்கியது. நல்ல காரியம். ஆனால் அது ஒருவழிப் பாதை. புயல் வருகிறது என்று கரை சொல்லும், மீனவன் கேட்பான். படகு மூழ்குகிறது என்று அவன் சொன்னால் அதன் வழியே யாருக்கும் கேட்காது. ஆபத்தில் இருப்பவன் கரைக்குச் செய்தி அனுப்பும் கருவியை இஸ்ரோ அதற்கு முன்பே, 2010 வாக்கிலேயே, தனியாகச் செய்திருந்தது. அது அனுப்பும், பதில் வாங்காது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று நடுக்கடலில் தத்தளிப்பவனுக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக்கி, 'உன் குரல் கேட்டது, ஆள் வருகிறது' என்று பதில் காட்டும் இரண்டாம் தலைமுறைக் கருவி வந்தது 2024 ஜனவரியில்.

வானம் எல்லாக் காலத்திலும் அதே வானம்தான். கையிலிருந்த பெட்டிக்கு மறுமொழி கேட்கும் காது வர அத்தனை ஆண்டுகள் பிடித்தன.